சம்பளச் சீட்டில் இல்லாத வரவு: பாகூர்ப் பகுதி ஆலைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எதற்காக எழுதுகிறேன்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2020-இல் புதுச்சேரியின் பழைய பஞ்சாலைகள் மூடப்பட்ட பிறகு, பி.எஃப்., பணிக்கொடை விண்ணப்பங்களை நிரப்பத் தெரியாமல் தவித்த தொழிலாளர்களுக்கு உதவ நாங்கள் சிலர் வாரத்தில் இரண்டு மாலை ஓரிடத்தில் உட்கார்ந்தோம். விண்ணப்பம் எழுத வந்தவர்கள் எழுந்து போகும்போது, “இந்தப் பணம் வந்தால் என்ன செய்யலாம் ஐயா?” என்றும் கேட்டார்கள். அதற்கும் பதில் சொன்னோம்.

ஒரு குடும்பத்துக்கு நாங்கள் சொன்ன பதில் தவறாகிவிட்டது. சம்பளச் சீட்டுகளை நம்பி, அந்தக் குடும்பத்தின் வரவை நாங்கள் பாதிக்கும் குறைவாகக் கணக்கிட்டுவிட்டோம். அவர்களின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆள்களின் பெயர், ஊரின் பெயர், ஆலையின் பெயர் மூன்றையும் விட்டுவிட்டேன். தொகைகள் அவர்களிடம் இருந்த தாள்களிலிருந்தும், தாள் இல்லாத இடத்தில் அவர்களின் நினைவிலிருந்தும் எடுத்தவை.

குடும்பமும் ஊரும்

புதுச்சேரியின் பாகூர்க் கொம்யூனில் (உள்ளாட்சிப் பகுதியில்) உள்ள ஒரு சிற்றூர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட துண்டும் ஆங்கிலேயர் ஆண்ட துண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் பகுதி அது. வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடலூர் மாவட்டம் வந்துவிடும். ஒரே வாய்க்காலின் இந்தக் கரைக்கு ஒரு ரேஷன் அட்டை, அந்தக் கரைக்கு வேறொன்று.

குடும்பத் தலைவர் 1962-இல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பாகூர் ஏரிப் பாசனத்தில் கூலி வேலை செய்தவர். கூலி நெல்லாகவே வந்தது. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற கணக்குதான் அந்த வீட்டில் வழங்கியது. அறுவடை முடிந்து களத்தில் அளந்து போட்ட நெல்லைக் குதிரில் கொட்டி, ஆடி மாதம் வரை ஓட்டுவார்கள். ஆடியிலிருந்து குறுவை அறுப்பு வரை கடன் நெல். தகப்பனாரின் வருமானம் எவ்வளவு என்று மகனைக் கேட்டபோது, “காசாகச் சொல்லத் தெரியாது. ஆடி வரை சாப்பிட்டோம்” என்றார். அவர் சொன்ன மிகச் சரியான கணக்கு அதுதான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

1981-இல் அவர் பஞ்சாலையில் பதிலித் தொழிலாளியாகச் சேர்ந்தார். யாராவது வராத நாளில்தான் வேலை. காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே வாசலில் நிற்க வேண்டும்; பெயர் கூப்பிட்டால் உள்ளே, இல்லாவிட்டால் மிதிவண்டியில் ஊருக்கு. அப்படி ஏழு ஆண்டுகள். 1988-இல் தறிப் பிரிவில் நிரந்தரமானார்.

புதுச்சேரியில் ஆலை வேலைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலை வேலைநிறுத்தத்தின்போது காவல் படை சுட்டதில் பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பின்னர்தான் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைநாள் சட்டமானது. அந்த மதிப்பு ஊர் மளிகைக் கடை வரை எட்டியது. ‘ஆலைக்காரர் வீடு’ என்றால் கடைக்காரர் கேள்வி கேட்காமல் நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் கொடுப்பார்.

மனைவி 1964-இல் பிறந்தவர். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டுக் கிராமத்துப் பெண். எட்டு வயதிலிருந்து கொட்டை உடைத்தவர். ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோலுரிந்த இடம் இன்றும் வலது கைப் பெருவிரலில் வழவழப்பாக, ரேகை இல்லாமல் இருக்கிறது. ஆதார் எடுக்கப் போனபோது அந்த விரல் பதியவில்லை என்றார். பிள்ளைகள் இருவர். மகன் கடலூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. மகளை 2016-இல் கட்டிக்கொடுத்தார்கள்.

முதல் கணக்கு

2020 இறுதியில் கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அம்மா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படி அருகே சுவரோரமாக உட்கார்ந்தார்.

பையில் இருந்தவற்றைப் பார்த்து நான் மகிழ்ந்துபோனேன். 1988 முதல் ஆலை கொடுத்த சம்பளச் சீட்டுகளை அவர் ஒரு கம்பியில் குத்திக் கோத்து வைத்திருந்தார். துருப்பிடித்த கம்பி ஒவ்வொரு சீட்டின் நடுவிலும் பழுப்பு வளையம் பதித்திருந்தது. அடிப்படைச் சம்பளத்தைவிடப் பஞ்சப்படி (அகவிலைப்படி) பெரிதாக இருந்தது. வேட்டியும் அரிசியும் விலையேறியதை அந்தச் சீட்டுகளிலேயே படிக்கலாம். இத்தனை ஒழுங்கான ஆவணம் உள்ள குடும்பத்தை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. வணிகவியல் படித்த இளைஞர்கள் இருவர் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார்கள்.

கோடு தெளிவாக வந்தது. தொண்ணூறுகளில் ஏற்றம்; தீபாவளி போனஸில் கூரைக்கு ஓடு மாற்றியது, மகனுக்கு மிதிவண்டி வாங்கியது எல்லாம் அந்தக் காலத்தில். பிறகு தேக்கம். 2010-களின் நடுவில் ஆலை லே-ஆஃப் (ஆளை நீக்காமல் வேலையை நிறுத்திவைப்பது) அறிவித்ததும் பாதிச் சம்பளம், மாதம் 4,700 ரூபாய். 2020-இல் அதுவும் நின்றது. பணி ஓய்வூதியம் 2,300 ரூபாய் அளவில் வரும் என்று கணக்கிட்டோம். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கும் கணக்கு அது. சம்பளம் சிறிதாக இருந்தால் முப்பது ஆண்டு உழைப்பும் அந்த 70-க்கு முன்னால் கரைந்துவிடும்.

கடன் 1,54,000 ரூபாய். வங்கி நகைக்கடன், மகளிர் குழுக் கடன், தண்டல்காரரிடம் வாங்கியது எல்லாம் சேர்த்து. கடனுக்கு இரண்டு காரணங்கள் எழுதினோம்: லே-ஆஃப், மகளின் திருமணம்.

வேறு வருமானம் உண்டா என்று அந்த அம்மாவைக் கேட்டேன். “பெரிதாக ஒன்றும் இல்லை ஐயா. கைச்செலவுக்கு ஏதோ” என்றார். ‘பிற வருமானம்: இல்லை’ என்று எழுதினோம்.

கறவை மாடுகள் இரண்டு இருந்தன. அவற்றைச் சொத்தாகக் காட்டினோம். மளிகைக் கடை நோட்டு கணவர் பெயரில் இருந்தது; அதில் மாதா மாதம் தவிடும் புண்ணாக்கும் எழுதியிருந்தது. பால் பணம் சங்கத்திலிருந்து மனைவி கைக்குப் போனது. அது எங்கள் முன்னால் வந்த எந்தத் தாளிலும் இல்லை. மாடு தின்றது கணக்கில் வந்தது, கறந்தது வரவில்லை. ஆகவே மாடுகள் நட்டம் என்று முடிவு கட்டினோம். இருபத்தொன்பது ஆண்டு வரவு செலவு எழுதியவன் நான். ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட பேரேட்டை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

எடுத்த முடிவு

2021 ஏப்ரலில் பி.எஃப். தொகை 2,10,000 ரூபாய் வந்தது. பணிக்கொடை தாமதமாகும் என்று தெரிந்தது. நாங்கள் சொன்ன ஆலோசனை இது: தண்டல் கடனையும் குழுக் கடனையும் உடனே அடைப்பது, மாடு ஆடுகளை விற்றுவிட்டுக் கடலூர் முதுநகரில் மகன் வீட்டோடு சேர்ந்து ஒரே அடுப்பாக இருப்பது, கணவர் அங்கே இரவுக் காவலாளி வேலைக்குப் போவது, ஓராண்டு கழித்து ஊர் மனையையும் விற்று வைப்பில் போடுவது.

அன்றைய தாள்களை வைத்துப் பார்த்தால் இதில் பிழை தெரியாது. மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று, நான்கு என்று ஏறும் வட்டியை முதலில் அறுக்க வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஊர் வீட்டிலிருந்து வருமானம் எதுவும் இல்லை என்று கணக்கு சொன்னது. மகனின் சம்பளம் 12,000. இரண்டு வீட்டுச் செலவு ஒன்றானால் மிச்சம் வரும் என்று நம்பினோம்.

ஒன்றை மட்டும் அந்த அம்மா ஏற்கவில்லை. மனைப் பட்டா அரசு இலவசமாகக் கொடுத்தது, அவர் பெயரில் இருந்தது. அதை விற்கக் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டோம். “அது இருக்கட்டும்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால், பிறகு திரும்பிப் போக இடமே இருந்திருக்காது.

கடலூரில் பதினைந்து மாதங்கள்

2021 ஜூனில் குடிபெயர்ந்தார்கள். மாடுகள் 62,000-க்கும் ஆடுகள் 18,000-க்கும் போயின. கடனில் 1,20,000 அடைந்தது. நகைக்கடன் மட்டும் மீதி. ஆக, கையில் 1,70,000 ரூபாய்.

முதுநகரில் இரண்டு அறை வீடு, வாடகை 4,500. நால்வரும் குழந்தையும். முதல் மாதமே குடிதண்ணீர்க் கேன், பால், கூடுதல் எரிவாயு, கீரை, முட்டை எல்லாம் காசு கொடுத்து வாங்கும் பொருள்களாகின. மகனின் ரேஷன் அட்டை தமிழ்நாட்டு அட்டை. பெற்றோரின் பெயர் அதில் இல்லை. அவர்களுடைய அட்டை புதுச்சேரி அட்டை. அங்கே அப்போது ரேஷன் கடைகள் மூடியிருந்தன, அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். அந்தப் பணத்தில் வெளிக்கடையில் வாங்கும் அரிசி மாதம் முழுக்க வராது. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பது ஒன்றுதான் புதிதாகக் கிடைத்த வசதி.

கணவர் ஏழு மாதம் காவலாளியாக நின்றார். கால்கள் வீங்கின, விட்டுவிட்டார். அந்த அம்மா துறைமுகத்தில் இறால் உரிக்கப் போனார். அங்கே கும்பல் கும்பலாக, தெரிந்தவர்களோடு சேர்ந்து போகும் வேலை அது. புதிதாக வந்தவருக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் பெரிது. பிறகு ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கினார், மாதம் 2,000. மகன் வேலை செய்த ஆலையில் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்திய இரண்டு முறையும் ஒப்பந்தக்காரர் அந்த நாள்களுக்குச் சம்பளம் தரவில்லை.

2022 ஆகஸ்டில் மருமகள் எங்களுக்குப் போன் செய்தார். நானும் ஓர் இளைஞரும் போனோம். கையிருப்பு 31,000 ரூபாயாகச் சுருங்கியிருந்தது. பதினைந்து மாதத்தில் 1,39,000 ரூபாய், அதாவது மாதம் 9,000-க்கும் மேல், கைமுதலிலிருந்தே தின்றிருக்கிறார்கள். யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை. கணவருக்கு ஒரு கைலிகூட புதிதாக எடுக்கவில்லை.

இரண்டாம் கணக்கு

ஊரில் லே-ஆஃப் பணம் 4,700-இல் ஓடிய குடும்பம், நகரத்தில் மகன் சம்பளத்தோடு சேர்ந்தும் ஏன் ஓடவில்லை? ஊரில் இருந்த காலத்தின் கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்க வேண்டும். இந்த முறை அந்த அம்மாவிடம் உட்கார்ந்தேன். வருமானம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. “ஊரில் இருந்தபோது, தை மாதத்தில் ஒரு நாள், காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வீர்கள்? சொல்லுங்கள் அம்மா” என்று கேட்டேன்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து பால் கறப்பதில் தொடங்கினார். மூன்று மணி நேரம் பேசினார். தை முடிந்ததும் மாசி, பங்குனி, சித்திரை என்று கேட்டுக்கொண்டே போனோம். ஆண்டை அவர் ஆங்கில மாதத்தில் வைத்திருக்கவில்லை. நடவு, களை, அறுப்பு, குட்டி ஈனும் காலம், பள்ளி திறப்பு என்று வைத்திருந்தார். நடுவில் எழுந்துபோய் ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பால் அட்டைகளைக் கொண்டுவந்தார். காலை, மாலை எத்தனை லிட்டர் என்று பால் சங்கத்து எழுத்தர் நீல மையில் எழுதியது, ஆறு ஆண்டுக்கானது. ஈரக்கை பட்டு ஓரம் நைந்திருந்தது. ஆலைச் சீட்டுக்குக் கம்பி இருந்தது போல இதற்கு ஓர் உறை இருந்திருக்கிறது; அதை நாங்கள் கேட்கவே இல்லை.

2018-19 ஆண்டை எடுத்துக்கொண்டு எழுதினோம். தீவனம் போகப் பால் பணம் 24,000. ஆட்டுக்குட்டிகள் நான்கு விற்று 16,000. நடவும் களையும் அறுப்பும் சேர்ந்து 45 நாள், 9,000. நூறு நாள் வேலையில் கிடைத்த சில வாரங்களுக்கு 5,000. எருவும் வரட்டியும் 3,600. ரொக்கமாக 57,600 ரூபாய். வீட்டில் குடித்த பால், தோட்டத்துக் கீரை, முருங்கை, முட்டை, ஏரிக்கரை விறகு, கூலியாக வந்த மூன்று மூட்டை நெல் ஆகியவற்றை வெளியில் வாங்கியிருந்தால் 16,800 ஆகியிருக்கும். மொத்தம் 74,400.

அதே ஆண்டில் கணவரின் லே-ஆஃப் வருமானம் 56,400. கொடாமல் மிஞ்சிய வீட்டு வாடகையை நான் இதில் சேர்க்கவே இல்லை.

கணவரிடம் இதைப் படித்துக் காட்டினோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “மளிகைக் கடை பாக்கியை ஒவ்வொரு மாதமும் யார் கட்டியது என்று நான் கேட்டதே இல்லை” என்றார். கடன் எழுதியது ஆலைக்காரர் பெயரில். அடைத்தது பால் பணம்.

இந்த மறதி இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. பஞ்சப்படியைத் தீர்மானிக்கும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்காக மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் 1958-59, 1981-82, 1999-2000, 2016-17 ஆகிய காலங்களில் உழைக்கும் குடும்பங்களின் வரவு செலவை ஆய்வு செய்திருக்கிறது. புதுச்சேரியும் அதன் மையங்களில் ஒன்று. 2001-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டில் உணவின் பங்கு 46.20 விழுக்காடு, 2016-ஐ அடிப்படையாகக் கொண்டதில் 39.17. விவசாயத் தொழிலாளருக்கு வேறு குறியீடு உண்டு. ஒரு கால் தறியிலும் ஒரு கால் சேற்றிலும் வைத்திருக்கும் குடும்பம் இந்த இரண்டில் எதற்குள்ளும் முழுதாக அடங்காது. கடலூரில் இவர்கள் செலவு நோட்டில் பாதிக்கும் மேல் உணவு. ஊரில் அந்த உணவில் பெரும்பகுதி காசு கொடுத்து வாங்கப்படவே இல்லை.

கடன் எங்கே தொடங்கியது

இரண்டாம் கணக்கில் கிடைத்த மிக முக்கியமான செய்தி வேறு. மாதவாரியாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது சித்திரை மாதத்தில் அவர் தயங்கினார். “இப்போது ஒன்றும் இல்லை. முன்பு அம்மா வீட்டுக்குப் போவேன்” என்றார்.

திருமணமானதிலிருந்து ஒவ்வொரு சித்திரையிலும் பள்ளி விடுமுறை விட்டதும் மகளை அழைத்துக்கொண்டு பண்ருட்டிப் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போய்விடுவார். ஐந்து வாரம். காலையில் தோப்பில் கொட்டை பொறுக்குவது, மதியத்துக்குமேல் வியாபாரியின் கொட்டகையில் உடைப்பது. ஊரார் அதை விருந்து போவது என்று நினைத்தார்கள்; கணவரும் அப்படியே நினைத்தார். 2011 கோடையில் அவர் கொண்டுவந்தது 9,000 ரூபாய், இரண்டு பலாப்பழம், ஒரு பை முந்திரி. அந்த ஆண்டு கணவரின் மாதச் சம்பளம் 6,500. ஜூனில் பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டு, கூரை ஓடு மாற்றுதல் எல்லாம் இந்தப் பணத்தில் நடந்தன.

2011 டிசம்பர் 30 அதிகாலை ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பகுதியின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாய்வீட்டுக்கு அருகில் இருந்த தோப்புகளில் நின்ற மரத்தை விரல்விட்டு எண்ணலாம் என்றார். புதிதாக நட்ட ஒட்டுக்கன்றுகள் காய்க்கத் தொடங்கவே மூன்று ஆண்டு ஆகும். முழு விளைச்சலுக்கு இன்னும் பல ஆண்டுகள். 2012 சித்திரையில் அவர் போகவில்லை.

அடகுச் சீட்டுகளை மறுபடி எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினோம். முதல் சீட்டு 2012 ஜூன்: ஒரு ஜோடித் தோடு, எட்டு கிராம். அடுத்தது 2013 ஜூன். பிறகு 2014 ஜூன். லே-ஆஃப் வருவதற்கு முன்பே மூன்று ஜூன் மாதங்களில் மூன்று அடகு. ஒன்றை மீட்க இன்னொன்று, வட்டி கட்டத் தண்டல். திருமணச் செலவு இதன்மேல் வந்து உட்கார்ந்தது. லே-ஆஃப் ஏற்கெனவே சாய்ந்திருந்த சுவரைத் தள்ளிவிட்டது.

அவர்கள் வீட்டின்மேல் புயல் கூரை ஓடு ஒன்றைத்தான் பெயர்த்தது. நிவாரணப் பட்டியலில் அவர்களின் பெயர் எதற்கும் வரவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வேறொருவர் தோப்பில் விழுந்த மரங்களால் இந்த வீட்டின் ஓராண்டு வரவில் ஒரு பெரிய துண்டு போனது. எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை. தறிக்காரர் வீட்டின் கடன் முந்திரிக் காட்டில் தொடங்கியது என்று எங்களுக்குச் சொன்னவை அந்தச் சீட்டுகள்தான்.

திரும்பிய பின்

2022 செப்டம்பரில் கணவனும் மனைவியும் ஊருக்குத் திரும்பினார்கள். கையில் இருந்த பணத்தில் இரண்டு பெட்டை ஆட்டுக்குட்டிகள் வாங்கினார்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் மழைநீர் இறங்கிச் சமையலறைச் சுவர் ஊறியிருந்தது. நடவுக் கும்பலில் அவர் இடத்தை வேறொரு பெண் பிடித்திருந்தார். பழைய இடம் கிடைக்க ஒரு போகம் ஆனது. இவை எங்கள் ஆலோசனையால் வந்த நட்டங்கள். பணமாக எழுத முடிந்தது ஒரு பகுதிதான்.

2023 மார்ச்சில் பணிக்கொடை வந்தது. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 9,400. அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, 32 ஆண்டுக்கு 1,73,538 ரூபாய். இந்த முறை குடும்பத்தினரைச் சேர்த்து உட்காரவைத்தோம். முதலில் பேசச் சொன்னது அந்த அம்மாவைத்தான். அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். ஒரு கலப்பினக் கறவை மாடு 48,000. கூரை பழுதும் மாட்டுக் கொட்டகையும் 27,000. நகை மீட்க 34,000. மீதியில் 60,000 ரூபாயைக் கணவர் பெயரில் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்பில் ஏப்ரலில் போட்டோம், 8.2 விழுக்காட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,230 ரூபாய் வருகிறது. அந்த வட்டி ஜூன் செலவுக்கு என்று ஒதுக்க வேண்டும் என்றார். பேரக்குழந்தை பள்ளியில் சேரும் ஆண்டு அது. ஜூனில் அடகு வைக்கவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வர, பாகூர்ப் பக்கமும் கடலூர்ப் பக்கமும் சேர்ந்தே மூழ்கின. மாட்டை மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போய்க் காப்பாற்றினார்கள். கன்று போய்விட்டது. ஆடு ஒன்று போய்விட்டது. புதுச்சேரி அரசு ரேஷன் அட்டைக்கு அறிவித்த 5,000 ரூபாய் கிடைத்தது. 2021-இல் அட்டையைத் தமிழ்நாட்டுக்கு மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தியிருந்தேன். அந்த அம்மா அதையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததால்தான் இது கிடைத்தது.

2025 பொங்கலின்போது மாத வரவு, ஓய்வூதியம் சேர்த்து 8,000-க்குச் சற்று மேல். கடன் மகளிர் குழுவில் மட்டும், 15,000. மகன் கடலூரிலேயே இருக்கிறார்.

மாற்றிக்கொண்டவை

இப்போது எங்கள் படிவத்தில் ‘குடும்பத் தலைவரின் வருமானம்’ என்ற வரி இல்லை. வீட்டில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் பன்னிரண்டு தமிழ் மாதங்கள். ரொக்கம் ஒரு பத்தி, பொருளாக வந்தது ஒரு பத்தி, வாங்காமல் தவிர்த்தது ஒரு பத்தி. பெண்களைத் தனியே, முடிந்தால் அவர்கள் வீட்டிலேயே, ஒரு நாளின் வேலையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறோம். கணவர் பக்கத்தில் இருந்தால் ‘ஒன்றும் இல்லை’ என்ற பதில்தான் வருகிறது. அது பொய் இல்லை, அவர்களே அப்படி நம்பவைக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஆண்டை நினைவுபடுத்த நிகழ்ச்சிகளைப் பயன்படுத்துகிறோம். சுனாமி, தானே, 2015 வெள்ளம், நோட்டு செல்லாத மாதம், ஊரடங்கு. இவற்றை ஆணியாக அடித்து, அவற்றுக்கு முன் பின் என்று கேட்டால் தொகைகள் வியக்கத்தக்க துல்லியத்தோடு வருகின்றன. அடகுச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குவது இப்போது எங்கள் முதல் வேலை. கடன் எந்த மாதத்தில் பிறந்தது என்று தெரிந்தால், எந்த வரவு நின்றது என்று தெரிந்துவிடும்.

இது நாங்கள் கண்டுபிடித்த முறையும் அல்ல. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி வீடு வீடாக விசாரிக்கச் செய்தார். அன்றைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. அந்த ஊரைப் பின்வந்த ஆய்வாளர்கள் 2008 வரை திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர்களுக்கு இவ்வளவு அருகில் ஒரு நூற்றாண்டாக நடந்ததை, முதல் கணக்கு எழுதிய அன்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கால்நடையை விற்கச் சொல்லும் ஆலோசனையை ஓர் ஆண்டு பால் அட்டையைப் பார்க்காமல் யாருக்கும் சொல்வதில்லை. குடிபெயர்வதானால், முதலில் மூன்று மாதம் வீட்டையும் ஒரு மாட்டையும் அண்டை வீட்டாரிடம் விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள் என்கிறோம். எல்லை தாண்டுகிறவர்களுக்கு ரேஷன் அட்டை, நூறு நாள் அட்டை, உதவித்தொகை ஒவ்வொன்றும் எந்தக் கரையில் நிற்கும், எந்தக் கரையில் விழும் என்று தனித்தாளில் எழுதிக் கொடுக்கிறோம்.

ஒன்று இன்னும் முடியவில்லை. 1981 முதல் 1988 வரையிலான ஏழு பதிலி ஆண்டுகள் பணிக்கொடையில் சேரவில்லை. ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்ததற்குச் சான்று கேட்கிறார்கள். அந்தக் காலத்து வருகைப் பதிவேடு கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுக்கு 37,961 ரூபாய். அவரோடு வாசலில் நின்ற இரண்டு பேரின் வாக்குமூலத்தை இணைத்து மறுபடி அனுப்பியிருக்கிறோம். மூன்றாவதாக அந்த அம்மாவும் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். 1986-இல் திருமணமாகி வந்த நாள் முதல், எந்தெந்த மாதத்தில் கணவர் எத்தனை நாள் வேலை கிடைக்காமல் விடிவதற்குள் திரும்பி வந்தார், எத்தனை நாள் வரவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். விசாரணை நாளுக்கு இருவரும் வருகிறார்கள்.